உறுப்பினரின் மனைவி, மீசையுடன்

பெருமதிப்பிற்குரிய என் மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் இருவரும் உடல்நலத்தோடு இருக்கிறோம். அதில் ஒருவருடைய உடல்நலம் தேவைக்கு மேல் நன்றாக இருக்கிறது, அதுதான் இந்தக் கடிதத்தின் விஷயம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா, அண்ணியார் சௌக்கியமா என்பதை எல்லாம் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேட்டதாக வைத்துக்கொள்ளவும்.

மச்சான், நான் ஒரு வருஷத்துக்கு உங்கள் தங்கைக்கு மனைவி ஆகிவிட்டேன். சிரிக்க வேண்டாம், கிளப்பில் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் பத்தொன்பது வருஷமாகப் போகும் கோல்ஃப் கிளப்பில் ஒரு வீட்டுக்கு ஒரு முழு உறுப்பினர்தான். இன்னொருவருக்கு 'உறுப்பினரின் மனைவி' என்று ஒரு மஞ்சள் அட்டை. மஞ்சள் அட்டைக்காரர்கள் சனி, ஞாயிறு காலையில் விளையாடக் கூடாது, மத்தியானம் ஒன்றரைக்கு மேல்தான் மைதானத்தில் கால் வைக்கலாம். வருஷா வருஷம் படிவத்தைப் பூர்த்தி செய்வது நான். இந்த வருஷம் பேப்பர் படித்துக்கொண்டே எழுதியதில், மேல் கட்டத்தில் அவள் பெயரையும் கீழ்க் கட்டத்தில் என் பெயரையும் எழுதித் தொலைத்துவிட்டேன். கையெழுத்துப் போடும்போது அவள் கேட்கத்தான் செய்தாள், "ஏங்க, பேரு மாறியிருக்கற மாதிரி இருக்கே" என்று. "முப்பத்தாறு வருஷம் ஊரார் நிலத்தையெல்லாம் அளந்து எல்லைக்கல் நட்டவன் நான், எனக்கு ஒரு கட்டம் தெரியாதா, போடு கையெழுத்தை" என்றேன். போட்டாள். மூன்றாவது வாரம் தபாலில் அட்டை வந்தது. மஞ்சள் அட்டை, அதில் என் படம், படத்தில் என் மீசை, மீசைக்குக் கீழே கொட்டை எழுத்தில் உறுப்பினரின் மனைவி.

இதெல்லாம் சும்மா அச்சுப்பிழை, யார் பார்க்கப் போகிறார்கள் என்று அந்தச் சனிக்கிழமை வழக்கம் போல ஆறேகாலுக்குப் போய் நின்றேன். பல் டாக்டரும் இன்னும் இரண்டு பேரும் எனக்காகக் காத்திருந்தார்கள். முதல் குழிக்குப் பக்கத்தில் பேர் கூப்பிடுகிறவர் பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார். "சார், உங்க பேரு மத்தியானம் ஒன்றரைக்கு மேல வருது" என்றார். "என்னப்பா, வெளையாடறியா?" என்றேன். "நான் வெளையாடல சார், நீங்களும் வெளையாட முடியாது" என்றார் அந்தப் புண்ணியவான். பல் டாக்டர் சிரித்த சிரிப்பில் அவருக்கே ஒரு பல் ஆடியிருக்கும். நாலு பேர் இல்லாமல் விடமாட்டேன் என்று பேர் கூப்பிடுகிறவர் சொல்ல, நான் வேடிக்கையாக வீட்டுக்குப் போன் போட்டு, "கெளம்பி வா, இங்க உனக்குத்தான் எடம் இருக்காம்" என்றேன். நம் வீட்டிலிருந்து கிளப்புக்கு வேகமாக நடந்தாலும் பதினைந்து நிமிஷம். எட்டே நிமிஷத்தில் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். காலில் ஷூ. காலை ஆறேகால் மணிக்கு வீட்டில் இருக்கிற மனுஷி எதற்காக ஷூவை மாட்டிக்கொண்டு தயாராக இருந்தாள் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

கோல்ஃபில் எத்தனை குறைவான அடியில் முடிக்கிறோமோ அத்தனை கெட்டி. அன்றைக்கு அவள் என் வழக்கமான கணக்கைவிடப் பதினோரு அடி குறைவாக அடித்து முடித்தாள். பல் டாக்டர் இப்போதெல்லாம் போன் பண்ணினால் "அம்மா இருக்காங்களா?" என்றுதான் ஆரம்பிக்கிறார். இருபது வருஷமாக என் வாயைத் திறக்கச் சொல்லி எட்டிப் பார்த்த மனிதர், மச்சான்.

செயலாளரிடம் போய்க் கத்தினேன். அவர் தன்மையானவர், நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "முழு உறுப்பினர் ஆம்பளையாத்தான் இருக்கணும்னு விதியில எங்கயும் இல்ல சார். எழுதாமலே எல்லாரும் அப்படியே செஞ்சதால யாரும் எழுதல. உங்கள மாதிரி ஒருத்தர் வருவார்னு நாங்க எதிர்பார்க்கல" என்றார். மாற்ற வேண்டுமானால் ஒரே வழி, ஒரு சம்மதப் படிவம். முழு உறுப்பினர் கையெழுத்துப் போட்டு இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வருஷம் பூராவும் நான் மஞ்சள் அட்டைதான். படிவத்தைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தேன். "பாக்கலாம்" என்றாள். அதற்கப்புறம் அந்தப் படிவத்தை வீட்டில் எங்கேயும் காணோம்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உறுப்பினர்களின் மனைவியருக்கான பூ அலங்காரப் பயிற்சிக்கு எனக்கு அழைப்பு வந்தது. நான் போகவில்லை என்று எழுதத்தான் ஆசை. போனேன். மூன்றாம் பரிசு. கலந்துகொண்டவர்கள் நால்வர். முதல் குழியைப் பார்த்தபடி விசிறிக்குக் கீழே உட்காரும் பெரிய கூடம் மஞ்சள் அட்டைக்கு மத்தியானம் வரை கிடையாது. கார் நிறுத்துமிடத்தின் ஓரத்தில், ஷூவில் ஒட்டிய மண்ணைத் தட்டுகிற தூரிகைக்குப் பக்கத்தில், ஒரு பெஞ்சு இருக்கிறது. அதுதான் நமக்கு. அந்தப் பெஞ்சில் பத்தரை மணி வரைக்கும்தான் நிழல். ஒன்றரைக்கு மைதானத்தில் இறங்கினால் வெயில் மண்டையைப் பிளக்கிறது. ஐந்தாவது குழியில் பந்து எனக்கு இரண்டாகத் தெரிந்தது, தப்பான பந்தை அடித்தேன் என்று நினைக்கிறேன். வீட்டுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு படுத்தேன். அவள் ஈரத்துணியை நெற்றியில் போட்டுவிட்டு, "தண்ணி நெறைய குடிக்கணும்ங்க, நான் எப்பவும் ரெண்டு பாட்டில் எடுத்துட்டுப் போவேன்" என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. அனுபவஸ்தர் சொல்கிற மாதிரி சொன்னாள். மச்சான், பத்தொன்பது வருஷமாக ஒவ்வொரு சனிக்கிழமை சாயங்காலமும் அவள் தலைவலி என்று படுப்பாள். ஒரு மாத்திரையைப் போட்டுக்கோ என்று சொல்லிவிட்டு நான் டிவி பார்ப்பேன். அந்தப் பெஞ்சைத் தாண்டித்தான் தினம் காரை நிறுத்துவேன். அதில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று ஒரு நாள் கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. இப்போது என்னைத் தாண்டிப் போகிறவர்களும் பார்ப்பதில்லை.

போன வாரம் ஷூ விஷயத்தைக் கேட்டேவிட்டேன். "நீங்க கெளம்பிப் போனதும் நானும் ஷூ போட்டுக்குவேன். நம்ம வீட்டுக் கூடத்து விரிப்புல டம்ளரைப் படுக்க வெச்சு, பந்தைத் தள்ளித் தள்ளி உள்ள விடுவேன். ஷூ போடாம நின்னா நிக்கறதே மாறிடும்" என்றாள். ஏதோ அரிசி களைவதைப் பற்றிச் சொல்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். டம்ளர் ஏன் இப்படி நசுங்கியிருக்கிறது என்று பாத்திரம் தேய்க்கிற அம்மாவை நான் எத்தனையோ தடவை கோபித்துக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு அந்த டம்ளரை நானே கழுவித் துடைத்து வைத்தேன், உண்மையைச் சொல்ல எனக்கென்ன.

ஆனாலும் மச்சான், நான் நானாக இருக்க வேண்டாமா? வருகிற சனிக்கிழமை காலை மாதக் கோப்பையின் கடைசி ஆட்டம், உங்கள் தங்கை அதில் இருக்கிறாள். அது முடிந்தால் மறுநாள் முப்பதாம் தேதி. நான் வாயைத் திறந்து கேட்டால் கொடுத்துவிடுவாள், ஆனால் எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது? நீங்கள் சொன்னால் அவள் தட்டமாட்டாள். 'அந்தப் படிவத்தைத் தேடி எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடம்மா, பாவம் மாப்பிள்ளை' என்று உங்கள் கைப்பட நாலு வரி எழுதினால் போதும். நான் சொல்லி எழுதினீர்கள் என்று மட்டும் தெரிய வேண்டாம்.

அண்ணியாருக்கு என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கு எங்கள் இருவருடைய ஆசிகள், அவர்கள் எந்தப் படிவத்தையும் பேப்பர் படித்துக்கொண்டே பூர்த்தி செய்யாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை
(மஞ்சள் அட்டை)

பின்குறிப்பு: மச்சான், மேலே எழுதிய எதையும் செய்ய வேண்டாம். தபால்தலைக்காக அவளுடைய மேஜை இழுப்பறையைத் திறந்தேன். தபால்தலைக்குக் கீழே அந்தச் சம்மதப் படிவம் இருந்தது. எல்லாக் கட்டமும் சரியாகப் பூர்த்தி செய்து, கையெழுத்துப் போட்டு, நாலாம் தேதியிட்டு வைத்திருக்கிறாள். நான் கொடுத்த அன்றைக்கே. கையில் எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். "கடைசி ஆட்டம் ஒண்ணு முடியட்டும், ஞாயித்துக்கிழமை நானே குடுத்துடலாம்னு இருந்தேன். நீங்க அந்த பெஞ்சுல உக்காந்திருக்கறத பாத்தா எனக்கு மனசே கேக்கல" என்றாள். பத்தொன்பது வருஷம் எனக்கு மனசு கேட்டதே, மச்சான். அவள் கண் முன்னாலேயே படிவத்தைக் கிழித்தேன். கிழிக்கும்போது அழுதேன், நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

இன்னொன்றும் இருக்கிறது, இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் கிளப் பொதுக்கூட்டத்தில், வீட்டுக்கு ஒருவர் என்பதை எடுத்துவிட்டுப் பெண்களும் எல்லா நாளும் எல்லா நேரமும் விளையாடலாம் என்று ஒரு தீர்மானம் வந்தது. எதிர்ப்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். எனக்கு எதிர்ப்பு என்று ஒன்றும் இல்லை. பக்கத்தில் பல் டாக்டர் தூக்கினார், நானும் தூக்கினேன். தீர்மானம் தோற்றது. ஓட்டு இல்லாத மஞ்சள் அட்டைக்காரர்கள் எல்லாம் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள், அவளும் இருந்தாள். வீட்டுக்கு வரும் வழியில் தக்காளி வாங்க வேண்டும் என்று மட்டும் சொன்னாள். அவள் கவனிக்கவில்லை என்றே நான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதே தீர்மானம் வருகிற ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறது. இந்தத் தடவை கடைசி வரிசையில் நான், ஓட்டு அவளுக்கு. கிழித்த காகிதத்தைப் பொறுக்கிக்கொண்டே, "தீர்மானத்துக்கு ஆதரவா, எனக்கும் சேத்து நீ கையைத் தூக்கு" என்றேன்.

"தூக்கறேன்" என்றாள். "பக்கத்துல யார் தூக்கறாங்கன்னு பாக்காம தூக்கறேன்."