மெலூர் தோட்டத்து மோசே

ஒரு ஜனத்தை அடிமைத்தனத்திலிருந்து மீட்க வேண்டுமென்றால் முதலில் ஒரு செயற்குழு வேண்டும். மோசே காலத்தில் இந்த வசதி இல்லை. தலைவர், செயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர் என்று யாருமே இல்லாமல் அவர் பாட்டுக்கு ஒரு கோலைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அதனால்தான் சட்டென்று போய்ச் சேர வேண்டிய ஊருக்கு நாற்பது வருஷம் ஆனது என்பது எங்கள் திருவிழாக் குழுத் தலைவர் செலஸ்டின் அவர்களின் கருத்து. அவர் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். தாமதம் எதனால் வரும் என்று அவருக்குத் தெரியும்.

பீடோங் டவுனிலிருந்து செம்பனைக் காட்டுக்குள் நுழைந்து போனால் மெலூர் தோட்டம். லயத்து வரிசை வீடுகளில் நாற்பது குடும்பம். சூசையப்பர் சிற்றாலயம் ஒன்று, மாரியம்மன் கோயில் ஒன்று, தோட்ட ஆபீஸ் அடைத்துவிட்டதால் தண்ணீர் வராத குழாய்கள் வேண்டிய மட்டும். கம்பெனி இந்த நிலத்தை வீடமைப்புக்கு விற்றுவிட்டது. எங்களுக்குத் திகாம் பத்துவில் மாற்று வீடு கட்டித் தருவதாகச் சொல்லி, முதல் கட்டமாக ஓர் அறிவிப்புப் பலகையைக் கட்டி முடித்திருந்தது. பலகையில் வீடு ரொம்ப அழகாக இருந்தது. வாசலில் ஒரு காரும் நின்றது.

எங்களுக்காகக் காசு வாங்காமல் வாதாட வந்த வக்கீல் லோகேஸ்வரி, சின்னப் பெண், சுங்கை பட்டாணிக்காரி, எல்லாரையும் கோயில் கொட்டகையில் உட்கார வைத்துச் சொன்னாள்:

"அங்கிள், ஆண்ட்டி, நல்லா கேட்டுக்குங்க. மாத்து வீடு கைக்கு வர்ற வரைக்கும் யாரும் இங்கேருந்து நகராதீங்க. கோர்ட் உத்தரவு இல்லாம கம்பெனி உங்கள அசைக்க முடியாது. ஆனா நீங்களா கெளம்பிப் போயிட்டீங்க, முடிஞ்சது. வீடும் இல்ல, கேசும் இல்ல."

எல்லாரும் தலையை ஆட்டினோம். தலையாட்டுவதில் நாங்கள் யாருக்கும் குறைந்தவர்கள் இல்லை.

அந்த வருஷச் சூசையப்பர் திருவிழாவுக்கு மோசே நாடகம் போடுவதென்று குழு முடிவு செய்தது. தோட்ட மேனேஜர் நடராஜாவைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்கார வைப்பது. மோசே வேடத்தில் இஞ்ஞாசிமுத்து அண்ணன் நின்று, "என் மக்களைப் போக விடு!" என்று அவர் முகத்துக்கு நேரே கர்ஜிப்பது. மேனேஜர் மனம் திருந்துவது. இதுதான் திட்டம். இஞ்ஞாசிமுத்து அண்ணன் முப்பது வருஷம் ஆள்களை அதட்டி வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். கர்ஜித்தால் அடுத்த மலையில் கேட்கும்.

எங்கள் வரிசையில் முதல் வீட்டுப் பிச்சையம்மாள் அக்காவுக்கு மட்டும் ஒரு சந்தேகம்.

"கிராணியாரே, நாம போகக் கூடாதுன்னுதானே வக்கீலம்மா சொன்னாங்க? மோசே போறேன்னுல்ல கேக்குறாரு?"

"அது உவமை, அக்கா."

"உவமைல போனா பரவாயில்லையா?"

"உவமைக்கெல்லாம் வக்கீல்கிட்ட கேக்க முடியுமாலா? நீங்க ஒக்காருங்க."

மேனேஜரை அழைக்கக் குழு பழத்தட்டோடு போனது. நடராஜாவுக்கு அந்த வருஷம்தான் டத்தோ பட்டம் வந்திருந்தது. அதுவரை 'சார்' என்றால் திரும்பிப் பார்த்தவர், அதற்குப் பிறகு திரும்புவதில்லை. நாடகக் கதையைக் கேட்டுக்கொண்டார்.

"அந்த பார்வோன்னா யாரு?"

"ராஜா டத்தோ. ஜனங்களைக் கஷ்டப்படுத்துவான்."

"ஓ. தண்ணிய அடைப்பானா?"

செலஸ்டினுக்கு வியர்த்தது. "ஐயையோ, இல்ல டத்தோ! இது பழைய ஏற்பாடு. இப்ப உள்ள யாரையும் குறிப்பிடறது இல்ல."

"அப்ப மோசே?"

"அவர்தான் நல்லவர் டத்தோ. பார்வோன் மகள் எடுத்து வளர்த்த பிள்ளை. அரண்மனையிலயே வளர்ந்தவர்."

டத்தோ நாற்காலியில் நிமிர்ந்தார். "அரண்மனைல வளந்தவர்னா, அவரு மேனேஜ்மென்ட்டாச்சே?"

குழு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. யோசித்துப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. மோசே செங்கல் அறுத்ததாக எங்கேயும் எழுதியில்லை.

"கூலிக்காரங்கள்ல ஒருத்தரைப் போயி மோசேயா போடுறீங்களே, பைபிளுக்கு மரியாதையா அது?" என்று டத்தோ வருத்தத்தோடு கேட்டார். "சரி, போலே, செய்யலாம். நானே செய்யறேன்."

கடவுள் கூப்பிட்டபோது மோசே எத்தனை சாக்குச் சொன்னார்! நான் யார் போவதற்கு என்றார், திக்குவாய் என்றார், வேறு யாரையாவது அனுப்பும் என்றார். டத்தோ அப்படி எந்தத் தயக்கமும் காட்டவில்லை. கூப்பிடுவதற்கு முன்பே வந்துவிட்டார். அவருடைய தாழ்மையைப் பாராட்டிக் குழு அங்கேயே பொன்னாடை போர்த்தியது.

இஞ்ஞாசிமுத்து அண்ணனுக்குச் செங்கடலின் வலது பக்கம் கிடைத்தது. நீலத் துணியின் ஒரு முனையைப் பிடித்து ஆட்ட வேண்டும். "பதவி சின்னதுதான், ஆனா நீளமான பதவி" என்று செலஸ்டின் அவரைத் தேற்றினார். கடவுளின் குரல் தலைவர் பதவிக்கே உரியது என்று தீர்மானமாகியிருந்ததால் அதை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.

பார்வோனாக யாரும் முன்வரவில்லை. கடைசியில், மீசைக்காக, செம்பனைக் குலை வெட்டும் இருளப்பனைப் பிடித்தார்கள். "நான் மாரியம்மன் கோயில் ஆளுண்ணே" என்று அவர் தயங்கினார். "பார்வோன் மட்டும் ஞானஸ்நானம் வாங்குனானா?" என்று செலஸ்டின் கேட்டார். இருளப்பன் கிரீடத்தை வாங்கித் தலையில் வைத்துப் பார்த்தார்.

ஒத்திகை தொடங்கியதும் சில திருத்தங்கள் வந்தன. எரியும் முட்செடியை எரிக்க முடியாது, திறந்தவெளியில் எரிப்பது குற்றம். அதனால் காகிதப்பூச் செடியில் தீபாவளி விளக்குச் சரத்தைச் சுற்றினார்கள். பத்து வாதைகளில், தண்ணீர் ரத்தமாகும் காட்சி நீக்கப்பட்டது. எங்கள் குழாயில் எப்போதாவது வருவதே அந்த நிறம்தான், ஜனங்கள் அதைக் காட்சி என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தவளையும் பேனும் ஈயும் வெட்டுக்கிளியும் கொப்புளமும் சுகாதாரம் கருதி நீக்கம். காரிருள் வந்தால் கரண்டு போய்விட்டது என்று நினைப்பார்கள் என்று நீக்கம். மாடு சாவது பால்காரர் மனம் நோகும் என்று நீக்கம். தலைப்பிள்ளை சாவது, டத்தோவின் தலைப்பிள்ளை முன்வரிசையில் உட்காரப் போவதால், அறவே நீக்கம். மிஞ்சியது கல்மழைதான். அதற்கு ஐஸ் கட்டி சொல்லியாயிற்று.

பிறகு டத்தோ ஒரு யோசனை சொன்னார். "மேடை சின்னதா இருக்கு. இத்தனை ஜனம் எகிப்த விட்டுப் போறத இதுல எப்படிக் காட்டுவீங்க? நெஜமாவே செய்வோம். எல்லாரும் லயத்துலேருந்து மூட்டை முடிச்சோட நடந்து, பாட்டுப் பாடிக்கிட்டு, பெரிய கேட்டைத் தாண்டி ரோட்டுக்கு அந்தப் பக்கம் போற மாதிரி. நான் லோரி தரேன்."

"லோரி எதுக்கு டத்தோ?"

"அலமாரி, பிரிட்ஜ் எல்லாம் ஏத்த. அவங்க எகிப்துலேருந்து வெறுங்கையோட போகலையே, பைபிள்ல பாருங்க."

பிள்ளைகளுக்கு மறைக்கல்வி நடத்தும் இவாஞ்சலின் டீச்சர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். உண்மைதான், வெள்ளியும் பொன்னும் துணிமணியுமாகத்தான் போயிருந்தார்கள். டத்தோ இவ்வளவு வேதம் படித்திருக்கிறாரே என்று குழு கண் கலங்கியது. ஒரு லோரிக்கு அவர் மூன்று லோரி கொடுத்தார். எல்லாருக்கும் கேட்டுக்கு வெளியே பிரியாணி என்றார். மிகத் தத்ரூபமாக வீட்டைக் காலி செய்யும் குடும்பத்துக்கு ரைஸ் குக்கர் பரிசு என்றார்.

ரைஸ் குக்கர் என்றதும் தோட்டமே மாறிப் போனது. கட்டிலைக் கழற்றினோம். காஸ் அடுப்பைக் கழற்றினோம். பக்கத்து வீட்டில் ஜன்னல் திரையைக் கழற்றுகிறார்கள் என்று தெரிந்ததும் நாங்கள் கம்பியையும் கழற்றினோம். பிச்சையம்மாள் அக்கா கோழிக்கூண்டைக் கயிறு போட்டுக் கட்டி வைத்துவிட்டு, "எகிப்துல கோழி இருந்துச்சா டீச்சர்?" என்று கேட்டுப் போனார்.

பங்குச் சாமி அந்த வாரம் பினாங்கில் தியானத்தில் இருந்தார். இருந்திருந்தால் லோரியை மந்திரித்துக் கொடுத்திருப்பார்.

திருவிழாவுக்கு முந்தின நாள், குலை வெட்டப் போன இருளப்பன் பாதியில் திரும்பி வந்தார்.

"அண்ணே, பின்பக்கம் செம்பனைக்குள்ள மண்ணு வார்ற பேக்ஹோ நிக்குது. வரிசையா நிக்குது."

"நல்லதுதானே?" என்றார் செலஸ்டின். "டத்தோ செங்கடலுக்குப் பள்ளம் தோண்ட ஏற்பாடு பண்ணியிருப்பாரு."

"கடலு முன்பக்கம்ணே. வண்டி நம்ம வீட்டுக்குப் பின்னால நிக்குது."

"நீ வசனத்தப் பாரு. கல்மழை முடிஞ்சதும் என்ன சொல்லணும்?"

"'போங்கள், சந்தோஷமாகப் போங்கள்'."

"அவ்வளவுதான் உன் வேலை."

"நான் போன மாசம்தாண்ணே குசினிக்கு டைல்ஸ் போட்டேன்" என்றார் இருளப்பன். அது வசனத்தில் இல்லாததால் யாரும் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செபமாலை முடிந்து நாடகம் தொடங்கியது. டத்தோ வெள்ளைத் தாடியும் அங்கியுமாக மோசேயாகவே இருந்தார். கறுப்புக் கண்ணாடியை மட்டும் கழற்றவில்லை. தலைக்கு மேலே கேமரா பொருத்திய டிரோன் பறந்தது. காகிதப்பூச் செடி மினுக்கியது. ஒலிபெருக்கியில் கடவுள் செருமிக்கொண்டு, "மோசே, மோசே, மாண்புமிகு டத்தோ மோசே அவர்களே" என்று அழைத்தார். லோரிகள் சாமான்களோடு முன்னால் போய்விட்டன. நாற்பது குடும்பமும் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு கேட் வரைக்கும் பாடிக்கொண்டே வந்தோம்.

கேட்டில் பார்வோன் கையை விரித்து நின்றார்.

"பார்வோனே! என் மக்களைப் போக விடு!" என்றார் டத்தோ.

"விட மாட்டேன்!"

ஐஸ் கட்டியை அள்ளிப் போட்டார்கள். கல்மழை முடிந்தது.

"என் மக்களைப் போக விடு!"

"விட மாட்டேன்!"

டத்தோ தாடிக்குள்ளிருந்து முணுமுணுத்தார். "டேய், நீ இப்ப மண்டி போடணும்."

"தெரியும் டத்தோ. போட மாட்டேன்."

காகிதப்பூச் செடி அவசரமாக மினுக்கியது. "பார்வோனே, உன் மனம் இளகட்டும்!" என்று கடவுள் ஆணையிட்டார்.

இருளப்பன் ஒலிபெருக்கியைப் பார்த்துக் கும்பிட்டார். "சாமி, என் மனசைக் கல்லாக்கினதே நீங்கதான்னு டீச்சர் படிச்சுக் காட்டுனாங்க. நீங்க கல்லாக்கினத நான் எப்படி இளக்கறது?"

ஒலிபெருக்கியில் தாள் புரளும் சத்தம் கேட்டது. விளக்குச் சரம் சிவப்பிலிருந்து பச்சைக்கு மாறியது.

இருளப்பன் எங்களைப் பார்த்துக் கத்தினார். "போகாதீங்க! சொல்றதக் கேளுங்க, பின்னால பேக்ஹோ நிக்குது! இந்தக் கேட்டைத் தாண்டினா வீடு போச்சு! பிச்சையம்மாக்கா, நீங்களாச்சும் நில்லுங்க!"

விசில் பறந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை. "என்னா நடிப்புடா! கண்ணுல தண்ணி பாரு, நெஜத் தண்ணி!" என்று இளவட்டங்கள் கூவினார்கள். தாய்மார்கள் பார்வோனைத் திட்டினோம். அவ்வளவு நன்றாக நடித்தால் திட்டாமல் எப்படி இருப்பது?

"தள்ளுடா இருளப்பா, பிரியாணி ஆறுது" என்று பிச்சையம்மாள் அக்கா கோழிக்கூண்டால் அவரை இடித்தார். பின்னால் வந்தவர்கள் அவரைத் தூக்கி ஓரமாக உள்ளே வைத்துவிட்டு நடந்தார்கள். இஞ்ஞாசிமுத்து அண்ணன் நீலத் துணியை விலக்கினார். செங்கடல் பிளந்தது. ஒரு கால் நனையாமல் எல்லாரும் கரையேறினோம். கடைசி ஆள் தாண்டியதும் காவல்காரர்கள் கேட்டைப் பூட்டிச் சாவியை டத்தோவிடம் கொடுத்தார்கள்.

"இன்றோடு உங்களுக்கு விடுதலை!" என்றார் டத்தோ. எங்களோடு வரிசையாகப் படம் எடுத்துக்கொண்டார், தாடியோடு காரில் ஏறினார், போய்விட்டார். பின்னால் பேக்ஹோ சத்தம் கேட்டது. செங்கடல் மூடும் சத்தம் என்று நினைத்துச் சிலர் மறுபடி கைதட்டினார்கள்.

பிரியாணி முடிந்த நேரத்தில் வக்கீல் லோகேஸ்வரி மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தாள். டிரோன் எடுத்த படத்தைக் கம்பெனி அதற்குள் முகநூலில் போட்டிருந்தது: 'குடியிருப்பாளர்கள் தாமாகவே, மகிழ்ச்சியாக வெளியேறினர்.'

"அங்கிள், யாராச்சும் உங்கள மெரட்டினாங்களா?"

"இல்லம்மா" என்றார் செலஸ்டின்.

"கட்டாயப்படுத்தினாங்களா?"

"பாடிக்கிட்டே வந்தோம்."

"சாமான யார் ஏத்தினா?"

"நாங்களேதான். அதுக்குப் போட்டிகூட இருந்துச்சு."

லோகேஸ்வரி மோட்டார் சைக்கிள் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "போகாதீங்கன்னு உங்கள்ல ஒருத்தர்கூடவா தடுக்கல?"

"ஒருத்தன் தடுத்தான். தூக்கி ஓரமா வச்சிட்டு வந்தோம்."

"யாரு அது?"

"பார்வோன்."

"அப்படின்னா இந்தத் தோட்டத்துல இனி வீடு கேக்க உரிமை உள்ளவரு அவரு ஒருத்தர்தான்" என்றாள் அவள். "இப்பவே உள்ள போயி அவங்கவங்க வீட்டுல உக்காருங்க. இடிக்காம மிஞ்சினது இருந்தா ஏதாச்சும் பேசிப் பாக்கறேன். ஓடுங்க!"

நாற்பது குடும்பமும் ஓடினோம். கேட்டுக்கு அந்தப் பக்கம், ஐஸ் கரைந்த ஈரத்தில், இருளப்பன் கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இஞ்ஞாசிமுத்து அண்ணன் கம்பியைப் பிடித்து உலுக்கினார். நாடகத்தில் அவருக்குக் கிடைக்காத கர்ஜனை அப்போதுதான் வந்தது. அவரோடு சேர்ந்து எல்லாரும் கத்தினோம், ஒத்திகையில் ஒரு நாளும் இப்படி ஒரே குரலில் வந்ததில்லை:

"பார்வோனே, எங்களை உள்ளே விடு!"

இருளப்பன் எழுந்து வந்து பூட்டை ஒரு தரம் இழுத்துப் பார்த்தார்.

"நானா வேணாங்கிறேன்?" என்றார். "சாவி மோசேகிட்டல்ல இருக்கு."