பாட்டுக்கு முன்னால் நிற்பவர்

ஆர்லோ டிகின்ஸின் இடது கன்னத்தை மழித்து முடித்துவிட்டேன். வலது கன்னத்தில் பூசிய நுரை காய்ந்துகொண்டிருந்தது. ஆர்லோ அசையாமல் உட்கார்ந்திருந்தார். என் கையில் சவரக்கத்தி. கதவைத் தட்டாமல் உள்ளே வந்த மனிதர் தொப்பியைக் கழற்றி, தொண்டையைச் செருமி, ஆள்காட்டி விரலை உயர்த்தி, "சவரத்துக்கும் நம்ம பாட்டுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு, தெரியுமா?" என்றார்.

இந்த இனத்தைத்தான் இன்று உங்களுக்கு அறிமுகம் செய்யப்போகிறேன். பூர்வகதைக்காரர்.

இவரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சூப்பை மேசையில் வைத்துவிட்டு, கரண்டியைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு, அந்தச் சூப் தன் பெரியம்மா வழியில் எந்த ஊரிலிருந்து எந்த ஊருக்கு வந்தது என்று சொல்வார். சூப்பின் மேல் ஆடை படியும். கேக்கில் மெழுகுவத்தியை ஏற்றிவிட்டு, மெழுகுவத்தி எப்படி வந்தது என்று தொடங்குவார். மெழுகு உருகிக் கேக்கில் ஓடும். எதையும் தடுக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. எல்லாம் நடக்க வேண்டும் என்றுதான் ஆசைப்படுகிறார். ஆனால் நடப்பதற்கு முன்னால், ஒரே ஒரு வார்த்தை.

எங்கள் இண்டியானாபொலிஸில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி, தட்டாமல் உள்ளே வந்த இந்த லெமுவல் பிக்ஸ்பி. வயது எழுபத்து மூன்று. ஃபால் க்ரீக் நால்வர் என்ற பாட்டுக் குழுவின் உச்சக்குரல். ஆர்லோ அதன் அடிக்குரல். நடுவில் இரண்டு குரல்கள், எல்மோர், டூவி என்ற அண்ணன் தம்பி. இருவரும் லெமுவல் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார்கள்; நாற்பது வருஷமாக ஆட்டியதில் கழுத்து நல்ல பதத்தில் இருக்கிறது. நான்கு பேர், வாத்தியம் ஒன்றும் கிடையாது, நாலு குரலும் நாலு படியில் நின்று ஒரே பாட்டைத் தூக்குவார்கள். 'மாடிப்படியில் நிலா' என்ற ஜாஸ் பாட்டை ஊரில் எல்லோருக்கும் தெரியும். முடிவெட்டும் கடையில் கேட்கும், பஸ்ஸில் கேட்கும், நர்ஸாக நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் தரை துடைப்பவர்கள்கூட அதன் தாளத்துக்குத்தான் துடைப்பார்கள். ஆயிரம் பேர் அதைப் பாடியிருக்கிறார்கள். எங்கள் பேட்டையில் அது இவர்கள் பாட்டு.

பாட்டு மூன்று நிமிடம். லெமுவலின் பூர்வகதை நாற்பது.

சுருதி ஊதல் அவரிடம்தான் இருக்கும். உள்ளங்கை அளவு, வட்டமானது. அதில் அவர் ஒரு சுரம் ஊதிக் காட்டினால்தான் மற்ற மூவரும் தொடங்கலாம். அது குழுவின் சட்டம். நாற்பது வருஷத்தில் யாரும் மீறியதில்லை. அவர் ஊதலை எடுப்பார். கைக்குட்டையால் துடைப்பார். உதட்டருகே கொண்டுபோவார். மூவரும் மூச்சை இழுப்பார்கள். ஊதலை இறக்கிவிட்டு, "இதைப் பாடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்" என்பார். மூவரும் மூச்சை விடுவார்கள்.

மூச்சு என்றா சொன்னேன்? அங்கேதான் சிக்கல். ஆர்லோவின் நுரையீரலில் மிச்சமிருப்பது ஒரு சின்னத் தலையணைக்குள் அடங்கிவிடும். மூக்கில் குழாய், பக்கத்தில் ஆக்சிஜன் உருளை. குழாயைக் கழற்றினால் பதினைந்து நிமிடம் தாங்கும், அதற்கு மேல் கூடாது என்றார் டாக்டர். பனி விழத் தொடங்கினால் வெளியே கூட்டிப்போகவே கூடாது. "வசந்தம் வந்த பிறகு?" என்று கேட்டேன். டாக்டர் ஜன்னல் வழியே கார்களைப் பார்த்தார். முப்பத்தொரு வருஷம் வார்டில் வேலை பார்த்தவளுக்கு அந்தப் பார்வைக்கு அர்த்தம் தெரியும்.

ஆர்லோவுக்கும் தெரியும். அந்த மூன்று பேரோடு அந்தப் பாட்டை இன்னொரு முறை பாட வேண்டும் என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. ஜூலையில் சுற்றுலாவில் முயன்றோம். பூர்வகதை முடிவதற்குள் மழை வந்துவிட்டது. ஆகஸ்டில் டூவியின் பிறந்தநாளில் முயன்றோம். பதினைந்தாவது நிமிடத்தில் நான் குழாயை மாட்டியபோது லெமுவல் 1938-இல் இருந்தார். இப்போது அக்டோபர் கடைசிச் சனிக்கிழமை. தேவாலயக் கூடத்தில் மீன் விருந்து. இதை விட்டால் வேறு நாள் இல்லை.

"குழாயோடயே பாடிடேன்" என்றேன், வலது கன்னத்தை மழித்துக்கொண்டே.

"மூக்குல ரப்பர் வாலை மாட்டிக்கிட்டா? மாட்டேன். தவிர, அந்த உருளை சீறுது பாருங்க மிஸ் ஓடெல், அது சுருதி சேராது."

"அப்ப லெமுவலுக்குக் காத்திருக்காம நீயே ஆரம்பி. முதல் வரி உன்னோடதுதானே."

"சுருதி அவன்கிட்ட இருக்கே."

"உன் தொண்டையில இல்லையா?"

"இருக்கு. ஆனா அது மரியாதை இல்ல."

நான் லெமுவல் பக்கம் திரும்பினேன். "பிரதர் பிக்ஸ்பி, கேட்டீங்களா? பதினஞ்சு நிமிஷம். இன்னைக்கு முன்கதை வேணாம்."

"பதினஞ்சா! தாராளமா இருக்கே! மூணே நிமிஷத்துல முடிச்சுடுவேன்."

"போன வாரம் மூணு நிமிஷம்னு சொல்லிட்டு ஆரம்பிச்சே" என்றார் ஆர்லோ. "என் காபி ஐஸாயிடுச்சு. மீசை வைக்கறதா வேணாமான்னு அதுக்குள்ள ரெண்டு தடவை மனசு மாத்திக்கிட்டேன்."

"டேய், வரலாறு தெரியாம பாடினா அது பாட்டா? கத்தல்!"

"கத்திட்டுப் போறேன் விடுடா."

பிற்பகல் இரண்டு மணி. கூடத்தில் எண்ணெய் வாசனை, சோள ரொட்டி, நூற்றிருபது பேர். நால்வரும் மேடைக்கு வந்தார்கள். ஆர்லோவை நாற்காலியில் உட்காரவைத்து, குழாயைக் கழற்றி, கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு ஐந்து.

லெமுவல் ஊதலை எடுத்தார். துடைத்தார். உதட்டருகே கொண்டுபோனார். மூவரும் மூச்சை இழுத்தார்கள்.

"அன்பான சகோதர சகோதரிகளே, இதைப் பாடறதுக்கு முன்னாடி..."

மூவரும் மூச்சை விட்டார்கள். பின் வரிசையில் ஒருவர் மறுபடி மீன் எடுக்க எழுந்தார்.

இரண்டு எட்டு. பாட்டை எழுதியவர் சிகாகோ ரயிலில் சமையல்காரர்; 1931-இல், உருளைக்கிழங்கு வந்த காகிதப் பையின் பின்பக்கத்தில் எழுதினார். (போன வாரம் அது சலவைச் சீட்டாக இருந்தது. ஜூலையில், ஒரு பணியாளரின் வெள்ளைச் சட்டைக் காலர்.) இரண்டு பத்து. முதலில் மெதுவாகப் பாடினார்கள், ஒருவரும் சீந்தவில்லை. டெட்ராய்ட்டில் ஒரு நடனக்குழு அதை இரண்டு மடங்கு வேகமாக வாசித்தது, ஊரே ஆடியது, ஓர் அம்மாளின் செருப்புக் குதிகால் கழன்று டிரம் மேல் விழுந்தது. இரண்டு பன்னிரண்டு. போர். எல்லாப் போர்களும், சற்று விரிவாக. எல்மோரும் டூவியும் தலையாட்டினார்கள்.

"பாடுங்கப்பா, மீன் ஆறுது!" என்றது பின்வரிசை.

"வந்துட்டேன், வந்துட்டேன், 1949-க்கு வந்துட்டேன்!" என்றார் லெமுவல்.

மேடை ஓரத்திலிருந்து ஆர்லோவின் விரல் நகங்களைப் பார்த்தேன். நிறம் சரியாகத்தான் இருந்தது. மேலும் ஆறு நிமிடம் தாங்கும், ஏழு தாங்காது. அப்போது லெமுவலையும் கவனித்தேன். அவர் நெற்றியில் வேர்வை, பேசும் ஆனந்தத்தில் வரும் வேர்வை அல்ல அது. ஊசியோடு படுக்கையருகே போய் நின்றால் சில நோயாளிகள் தங்களுக்கு ஆறு வயதில் வந்த அம்மையைப் பற்றி விலாவாரியாகத் தொடங்குவார்கள். அவர்களுக்கு அம்மையைப் பற்றி ஒரு அக்கறையும் கிடையாது. அந்தப் பாட்டின் கடைசி வரியில் உச்சக்குரல் தனியாக ஏறி நிற்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஐந்து வருஷத்துக்கு முன்னால், ஒரு கல்யாணத்தில், லெமுவலின் குரல் அந்த இடத்தில் பீங்கான் தட்டுப்போல உடைந்ததை நான் கேட்டிருக்கிறேன். பூர்வகதை அதுவரை பத்து நிமிடமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் நாற்பதாக வளர்ந்தது.

மனிதர் பாட்டைக் காப்பாற்றவில்லை. பாட்டிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்.

இரண்டு பதினான்கு. "ஒலிப்பதிவுக்குப் போறோம்" என்றார் லெமுவல், விரலை உயர்த்தி. "பியானோக்காரர் வரலை! பாட்டோட ஆரம்பத்துல பியானோதான் தனியா வரணும். ஆள் இல்லை! அப்ப இந்த ஆர்லோ என்ன பண்ணான்?"

எங்கள் தேவாலயத்தில் மேடையில் நிற்பவர் கேள்வி கேட்டால் கூடம் பதில் சொல்லியாக வேண்டும். அது வழக்கம்.

"என்ன பண்ணார்?" என்றது கூடம்.

"என்ன பண்ணான்னு கேக்கறேன்!"

"சொல்லுங்க, என்ன பண்ணார்?"

ஆர்லோ அதைச் செய்து காட்டினார்.

"தூம்... தும் தும்... தூம்..." என்று கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல அந்தக் குரல் தரைப்பலகை வழியாக ஏறி, என் முழங்கால் வரைக்கும் வந்தது. யாரும் சுருதி கொடுக்கவில்லை. அவருக்கு எங்கே வந்ததோ அங்கே எடுத்தார். பழைய சுருதியிலிருந்து மூன்று படி கீழே.

லெமுவல் திரும்பவில்லை. "1949-ஆம் வருஷம் மார்ச் மாசம்..." என்று வாக்கியத்தைத் தொடர்ந்தார். ஆனால் நாற்பது வருஷமாக, அந்த அடிக்குரல் நான்கு சுற்று வந்ததும் வாயைத் திறந்து பழகிய உடம்பு அது. மூன்றாம் சுற்றில் எல்மோரும் டூவியும் சேர்ந்தார்கள். நான்காம் சுற்று முடிந்தது. "மார்ச் மாசம் பதி..." என்று திறந்த வாயிலிருந்து "ஊ..." என்று வந்தது. பதினேழோ பதினெட்டோ, அந்தத் தேதி இன்றுவரை யாருக்கும் தெரியாது. விரல் உயர்ந்தபடியே இருந்தது. தன் வாயைத் தானே பிடித்து நிறுத்த முடியாத மனிதரின் முகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? கூடம் சிரித்தது, கைதட்டியது, பிறகு இரண்டையும் நிறுத்திவிட்டுக் கேட்டது.

கடைசி வரி வந்தது. லெமுவல் கண்ணை இறுக மூடிக்கொண்டு ஏறினார். மூன்று படி கீழே இருந்ததால் அந்த உச்சி, அவர் கை நீட்டினால் எட்டும் அலமாரித் தட்டில் இருந்தது. எட்டினார். நின்றார். கண்ணைத் திறந்து, யாரோ தன் வீட்டுக்குள் நுழைந்துவிட்டதுபோல ஆச்சரியமாகச் சுற்றிலும் பார்த்தார். அதன் கீழே ஆர்லோவின் குரல், தளராமல், கடைசி வரை.

இரண்டு பதினெட்டு. குழாயை மாட்டினேன். உதட்டோரம் லேசாக நீலம். இரண்டு நிமிடத்தில் போய்விட்டது.

"இன்னொரு தடவை?" என்றார் ஆர்லோ.

"வாயை மூடிக்கிட்டு மூச்சை இழு."

லெமுவல் பக்கத்தில் வந்து நின்றார். ஊதலைக் கோட்டுப் பையில் போட்டார். "கீழ எடுத்துட்டடா" என்றார்.

"என் மூச்சு அவ்வளவுதான்" என்றார் ஆர்லோ. "ஏன், உனக்கு எட்டலையா?"

"எட்டாம என்ன!"

வேறு யாராவது என்றால் அந்த இடத்தில் கதை முடிந்திருக்கும். ஆனால் இனம் அப்படி அழிந்துவிடாது. அது உங்கள் வீட்டிலும் இருக்கலாம், உங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கலாம். சந்தேகமாக இருந்தால் சுலபமான சோதனை உண்டு. பல வருஷமாகச் செய்யப்போவதாகச் சொல்லிவரும் ஒரு காரியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அது ஏன் இன்னும் தொடங்கவில்லை என்று பக்கத்தில் இருப்பவரிடம் விளக்குங்கள். விளக்கம் அந்தக் காரியத்தைவிட நீளமாக இருந்தால், தொண்டையைச் செருமிக்கொள்ள வேண்டாம். அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆர்லோவின் கால்களைக் கழுவ வெந்நீர் வைத்தேன். லெமுவல் தட்டாமல் உள்ளே வந்தார். "நேத்துப் பாட்டை மூணு படி கீழ இறக்கணும்னு நான் எதுக்காக முடிவு பண்ணேன்னா..." என்று தொடங்கினார். ஆர்லோ என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் வெந்நீர்ப் பாத்திரத்தின் முன்னால் முக்காலியை இழுத்துப் போட்டு, லெமுவலின் கையில் சோப்பைக் கொடுத்தேன். சட்டைக்கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். வலது காலை நன்றாகவே கழுவினார், விரலிடுக்குகள் உட்பட. இடது காலைத் தொடங்கும்போது அவர் 1931-இல், ரயில் சமையலறையில் இருந்தார். நான் தண்ணீரை மாற்றினேன்.