நண்டை நகர்த்திய ஏழு தரம்

பல்கலைக்கழக வாசலை மிதிக்காமலே அங்கே ஒரு வேலையைக் குழப்பினவன் நான். எட்டாம் வகுப்போடு கடலுக்குப் போனவனுக்கு இது பெரிய காரியம்தான்.

மகள் ஜெனிற்றா அப்போது கம்பசில் இரண்டாம் வருசம். லீவுக்கு நெடுந்தீவு வந்தவள், காற்றால் படகு ஓடாமல் நின்றுவிட்டாள். அன்று காலை பத்து மணிக்குள் அவளின் குழு ஒரு சுவரொட்டி ஒப்படைக்கவேண்டும். பிந்தினால் ஐந்து பேருக்கும் புள்ளி இல்லை. வீட்டில் சிக்னல் இல்லை. லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு இறங்குதுறைக்கு வந்தோம்.

சுவரொட்டி கடதாசியில் இல்லை. இன்டர்நெட்டில் ஒரு பக்கம். ஐந்து பிள்ளைகளும் ஐந்து ஊரில் இருந்துகொண்டு அந்த ஒரே பக்கத்தில் படம் வைப்பினம், எழுதுவினம். ஆளுக்கொரு அம்புக்குறி. வலைக்குள் சாளை மாதிரி ஓடித் திரியும். (பார்க்க எனக்கு இருப்புக்கொள்ளாது.)

லப்டொப்புக்கு இன்டர்நெட் கொடுத்த அவளின் போனில் ஒன்பதரைக்கு சார்ஜ் முடியப் பார்த்தது. பவர் பாங்க் வீட்டில். அவள் போனை என்னிடம் விட்டுவிட்டு சைக்கிளை எடுத்தாள்.

"அப்பா, ஸ்கிரீன் அணையாமல் இடைக்கிடை மவுசை அசைச்சுவிடுங்கோ. வேறை ஒண்டும் செய்யாதேங்கோ."

"ஓம்" என்றேன்.

அசைத்தேன். பக்கத்தின் நடுவில் அவள் இரண்டு நாள் இருந்து வரைந்த நண்டு. ஒரு அம்பு வந்தது. நண்டைப் பிடித்து மூலையில் போட்டது.

எங்கள் கடலில் ஒருவர் வலை விட்ட இடத்தில் மற்றவர் கை வைக்கமாட்டார். வைத்தால் கதை வேறு. நண்டை நடுவுக்குக் கொண்டுவந்தேன். (மகள் செய்கிறதைப் பார்த்துப் பழகினதுதான்.) அம்பு திரும்பக் கொண்டுபோனது. நானும் திரும்பக் கொண்டுவந்தேன். எழும்பினேன். இருந்தேன். திரும்ப எழும்பினேன். நண்டு ஏழு தரம் போய் வந்தது. கடைசியில் அம்பு ஒரு மஞ்சள் பெட்டிக்குள் ஏதோ எழுதி வைத்தது. கீபோர்டில் எந்தக் கட்டையை அமத்தினால் அழியும் என்பதும் எனக்குத் தெரியும். அழித்தேன்.

போன் அடித்தது.

"ஜெனிற்றா, ஏன் நண்டை நடுவிலையே வைக்கிறீர்?"

"அவள் வீட்டுக்குப் போயிட்டாள். நான் தேப்பன்."

ஸ்கிரீனில் அந்த அம்பு அசையாமல் நின்றது.

"ஐயா, நான் அவையின்ரை விரிவுரையாளர். நண்டு தலைப்பை மறைக்குது."

"அது அவள் வைச்ச இடம். மற்ற ஆக்கள் கை வைக்கலாமோ?"

"கை வைக்கத்தான் இந்தப் பக்கம். ஒருவர் வைச்சதை மற்றவர் திருத்தித்தான் படிக்கிறது."

"அப்ப சண்டை வராதோ?"

"இதுவரைக்கும் வரேல்லை" என்றார்.

மகள் வந்து சேரும்போது பத்துக்கு ஐந்து நிமிசம் இருந்தது. மற்ற நாலு பேரும் அவளுக்கு விசர் பிடித்துவிட்டதென்று போன் நிறைய எழுதியிருந்தார்கள். என்னைப் பார்த்தாள். நண்டை மூலைக்குத் தள்ளி, பத்து அடிக்க முதல் ஒப்படைத்தாள். வீடுவரைக்கும் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தாள். நான் பின்னால்.

புள்ளி வந்தது. நல்ல புள்ளி. கூடி வேலை செய்ததற்கு மட்டும் கொஞ்சம் குறைவு. ஒரு அங்கத்தவர் விட்டுக்கொடுக்கவில்லையாம்.

பட்டமளிப்பு அன்று அந்த நாலு பேரும் என்னோடு படம் எடுக்கவேண்டும் என்றார்கள். போய் நடுவில் நின்றேன். ஒரு பிள்ளை தோளைப் பிடித்து என்னை ஓரத்துக்கு நகர்த்தினாள். இன்னொருவன் நடுவுக்குக் கொண்டுவந்தான். அவள் திரும்ப நகர்த்தினாள். ஜெனிற்றா சிரித்துச் சிரித்து எண்ணினாள். ஏழு வரைக்கும் பொறுத்தேன்.

படம் சுவரில் தொங்குகிறது. வருகிற ஆட்களுக்கெல்லாம் என் மனுசி அதைக் காட்டி முழுக் கதையும் சொல்லுவாள். அதில் நான் ஓரத்தில் நிற்கிறேன்.