அத்தையின் தும்மலுக்கு நன்றி

அன்புள்ள அத்தைக்கு,

உங்களுக்கும் மாமாவுக்கும் என் வணக்கம். உங்கள் மூக்குக்குத் தனியாக ஒரு வணக்கம். இங்கு அனைவரும் நலம். சுவரும் இப்போது நலம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போன முறை நீங்கள் என் அறையில் தங்கியிருந்தபோது, அப்பா சட்டை எடுக்க அந்த அறைப் பீரோவைத் திறந்துகொண்டே தன் பதவி உயர்வுக் கதையை ஆரம்பிப்பார். "எங்க மேனேஜர் என்ன சொன்னார்னா..." என்பதற்குள் நீங்கள் தும்முவீர்கள். மறுநாளும் அதே கதை, அதே தும்மல். "நான் பேசினாலே அக்காவுக்கு இளக்காரம். வேணும்னே தும்முறா" என்று அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள, "தும்மக்கூட உன்கிட்ட அனுமதி வாங்கணுமாடா?" என்று நீங்கள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப, அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. எனக்குத்தான் நஷ்டம். நான் படித்த கதையை முழுதாக உட்கார்ந்து கேட்க இந்த வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?

பிறகு ஒருநாள் என் பேனா பீரோவுக்குப் பின்னால் விழுந்தது. அதை எடுக்க அம்மாவும் நானும் பீரோவை இழுத்தால், சுவரிலும் பீரோவின் முதுகுப் பலகையிலும் கறுப்பும் பச்சையுமாகப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை. உள்ளே குழாய் சத்தமில்லாமல் கசிந்துகொண்டு இருந்திருக்கிறது. நான் நூலகத்துக்கு ஓடிப்போய்ப் படித்துவிட்டு வந்து, "பூஞ்சை தாவரமும் இல்ல, விலங்கும் இல்லம்மா" என்றேன். "உங்கப்பா மாதிரின்னு சொல்லு. எதுலயும் சேர மாட்டார்" என்றார் அம்மா. அப்பாவோ ஒரு டப்பா பெயின்டோடு வந்து அதன் மேலேயே அடித்துவிட்டு, பீரோவையும் பழைய இடத்துக்கே தள்ளிவிட்டு, "இப்போ தெரியுதா?" என்று கேட்டார். "தெரியல. ஆனா இருக்கு" என்றார் அம்மா. இருக்கத்தான் செய்தது. கொஞ்ச நாளில் சட்டைகளிலும் ஏறியது. ஒரு காலையில் அப்பா பீரோவைத் திறந்து, "மேனேஜர் என்ன..." என்றவர் தும்மினார். மறுபடி தும்மினார். மூச்சு விட முடியாமல் கட்டிலில் உட்கார்ந்து, சின்னக் குரலில், "அப்போ அக்கா நிஜமாத்தான் தும்மினாளா?" என்றார். அம்மா கைக்குட்டையை நீட்டினார்.

அன்றே குழாய்க்காரர் வந்து கசிவை அடைத்தார். ஜன்னலைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டுச் சுவரைக் காயவைத்தோம். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, பெயின்டைச் சுரண்டி, சோப்புத் தண்ணீரால் தேய்த்தது முழுக்க அப்பாதான். ஊறிப்போன பலகையையும் பூஞ்சணம் ஏறிய மெத்தையையும் தூக்கி எறிந்தோம். காற்றுப் போகட்டும் என்று பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்திருக்கிறோம். அறையில் இப்போது சோப்பு வாசனைதான் அடிக்கிறது.

அத்தை, எங்கள் வீட்டின் நோயை முதலில் கண்டுபிடித்தது நீங்கள். அதற்காக உங்களைத் துரத்தியும் விட்டோம். அப்பா வாய்விட்டு மன்னிப்புக் கேட்கமாட்டார். ஆனால், "அக்காவுக்கு முதுகு வலிக்கும்" என்று பார்த்துப் பார்த்துப் புது மெத்தை வாங்கியிருக்கிறார். இனி இந்த அறையில் உங்களுக்குத் தும்மலே வராது. நம்பி வாருங்கள்.

மாமாவுக்கு என் அன்பும், உங்கள் கைக்குட்டைக்கு என் மரியாதையும்.

நன்றி மறவாத,
உங்கள் மருமகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது அறையை எட்டிப் பார்த்தேன். உங்கள் கட்டில் தாராளமாக இருக்கட்டும் என்று அப்பா பீரோவை மறுபடியும் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டார். நாங்கள் சொல்லியும் கேட்கவில்லை. உடனே வந்து ஒரு தும்மல் போடுங்கள். பொய்த் தும்மலாக இருந்தாலும் போதும்.