பீச் கேக் கொண்ட காதை

தன் குலத்திலேயே முதன்முதல் கல்லூரிப் பட்டம் பெற்றும், அட்லாண்டா மாநகரின் புறத்தே ஒரு பழைய கிடங்கில், திரைப்படக் கூட்டத்தின் நடுவே முகமற்று நின்ற மங்கை, பசித்த வயிற்றினள், பணியா நாவினள், ஒடெஸா பிக்கெட் என்னும் வீரத்திருமகளை வணங்கி இப்பெரும்போரைப் பாடப் புகுகின்றோம். பந்தியில் முந்தி உண்டோர் யாவரும் வெட்கித் தலைகுனிந்து கேட்பீராக!

வருங்கால மாந்தர் ஊணும் உறக்கமும் துறந்து மாய விளையாட்டு உலகினுள் புகுந்து வாழ்வதே அப்படத்தின் கதை. அன்று எடுத்தது மாயமன்னனின் விருந்துக் காட்சி. நாயகன் மட்டும் முகம் காட்டுவான். ஏனையோர் தலைதோறும் கருங்கவசம். அண்டசராசரங்களைக் காட்டுவதாகச் சொல்லப்பட்ட அக்கவசத்தின் உட்புறமோ வெறும் கறுப்புப் பெயிண்ட்! திரும்பத் திருகாணி முடுக்கச் சோம்பிய கலைப்பிரிவார் சாப்பாட்டு வேளையிலும் அதைக் கழற்றினாரில்லை. மூக்கின் கீழிருந்த விரற்கடை இடுக்கே அவ்வீரர்க்கு வானும் வழியும் ஆயிற்று.

"மொதல்ல கேமராக்காரங்க, லைட்டுக்காரங்க, நடிகருங்க! கூட்டத்துல நிக்கிறவங்க எல்லாரும் கடைசில!" என ஒலிபெருக்கியில் முழங்கினான் உதவி இயக்குநன். படப்பிடிப்புத் தலங்களின் மாறா நெறி அது. அந்நெறியின் அருளால் உலர்ந்த ரொட்டியும் வாடிய கீரையுமே நாள்தோறும் ஒடெஸாவுக்கு வாய்த்தன. அக்ரூட் முடிசூடிய பீச் பழக் கேக்கை அவள் பிறர் உதட்டோரத் துணுக்காக மட்டுமே கண்டிருந்தாள்.

"இன்னைக்கு ஒரு துண்டாச்சும் தின்னாம இந்த எடத்த விட்டு நகர மாட்டேன்!" என வஞ்சினம் உரைத்து, நெரிசலில் திசை பிறழ்ந்த மரக்கலமெனச் சுழன்று, தூண்களில் முட்டி, தட்டித் தடவி ஒரு மேசையை எய்தினாள். முகவாயை விண்ணுக்கு உயர்த்தி இடுக்கின் வழியே நோக்கினாள். ஆகா! வெள்ளித் தட்டில், உதயசூரியனைக் கீறி வைத்தாற்போல், ஒற்றைத் துண்டு! கவசத்தின் ரப்பர் நாற்றம் ஒன்றே அறிந்த அவள் மூக்கு வேறு மணம் எதையும் உணர்ந்திலது. வேல்போல் கை நீட்டினாள். அக்கணமே மறுபுறமிருந்து இன்னொரு கையும் தட்டைப் பற்றியது.

"யாரு கை இது?"

"என் கைதான். எடுய்யா மொதல்ல!"

வந்தவன் வெண்டல் கிரேடி; பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்ந்த மலைத்தோளன்.

"ஏம்மா, எனக்குச் சக்கர வியாதி. பாத்து விட்டுக்குடு."

"சக்கர வியாதிக்காரருக்குக் கேக்கு எதுக்கு?"

"அதனாலதானே வீட்ல கண்ணுலயே காட்ட மாட்டேங்குறாங்க!"

இடியும் இடியும் பொருதாற்போல் கவசமும் கவசமும் மோதின. தட்டு கிழக்கே பாய்ந்தது, மேற்கே மீண்டது. கேக் மட்டும் ஒட்டவைத்தாற்போல் அசையாது வீற்றிருந்தது. சூழ்ந்த கருங்கவசத்தார் ஒன்றும் காணாமலே ஆர்ப்பரித்தனர். "விடாத ஒடெஸா!" என்றான் ஒருவன். "யாருடா ஜெயிக்கிறா?" என்றான் அடுத்தவன். "எனக்கென்ன தெரியும், நீயும் கத்து!" என்றான் முன்னவன்.

இறுதியில் ஒடெஸாவின் முழங்கை இடித்து வெண்டலின் கவசம் வாய்மட்டும் இறங்கிற்று. உலகிருண்ட அவ்வீரன் பிடி தளர்ந்து, "பாதியாவது குடும்மா" என்றான்.

வென்றவள் வாகை சூடி நகைத்தாளில்லை. தானுண்டது போக எஞ்சியதை எறியும் பந்திமுந்திகளின் மரபில் அவள் வந்தவளா என்ன? "நம்மளக் கடைசில நிறுத்துனவனுக்கு நாம ரெண்டு பேரும் ஒண்ணுதான்யா. பிடி, பாதி பாதி!" எனப் பறைசாற்றி, இரு கட்டைவிரலும் ஊன்றி, அப்பெருநிதியைப் பிட்டாள். கிரீச்சென்றது.

அது மாயமன்னனின் விருந்துக் காட்சி மேசை; கேக் தெர்மாகோலில் செய்தது.