ஜின்னை ஜீனாக்கிய சுவாமி

ஒக்கலிபுரத்துச் சண்முக சுவாமி முன்பெல்லாம் ஜின் என்னும் பேயை ஓட்டுபவர். இரண்டாயிரமாம் ஆண்டில் மனித ஜீன்களைப் படித்துவிட்டார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதியதும், தம் பெயர்ப்பலகையில் ஒரு சுழியைச் சேர்த்தார். ஜின் ஜீனாயிற்று. குறில் நெடிலாகவே வாசலில் வரிசையும் நெடிதாயிற்று.

உடற்செல்களின் மேல் வழுவழுப்பான காப்புப் போர்வையாக நிற்கும் மியூசின் என்னும் புரதத்திற்கும் ஒரு ஜீன் உண்டு. இது மெய். மெய்க்குப் பக்கத்தில் கடை போட்டால்தானே பொய் விலைபோகும்? சுவாமி அதற்குக் 'கவச ஜீன்' என்று பெயரிட்டார். வந்தவர் குவளையில் துப்பவேண்டும், சுவாமி 'ஜீன் தீர்த்தம்' வார்ப்பார், வெண்ணூல்கள் திரளும். "கவசம் கிழிஞ்சிடுச்சு" என்று தாயத்துக் கட்டுவார். கிழியாதவர் என்று ஒருவரும் இருந்ததில்லை. அதைப்பற்றி ஐயுற்றவரும் இல்லை.

பிரேசர் டவுன் மௌரீனுக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. அவள் கணவன் தியோடருக்கு வயிற்றுப்புண். தாயத்தும் மாத்திரையும் சண்டையிடும் என்று சுவாமி சொல்லவே, மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டான். இன்று காலை வாந்தியில் இரத்தம் கண்டது. அப்போதும், "சுவாமி சொன்னாத்தான் ஆஸ்பத்திரிக்கு வருவேன்" என்றான். அவளும் உடன் வந்தாள். சென்ற முறையே அத்தீர்த்தத்தின் மணம் அவளுக்குப் பழகியதாய்ப் பட்டிருந்தது. ஞாயிறுதோறும் கறியில் ஊற்றுவதாயிற்றே.

குவளையை உயர்த்திப் பார்த்த சுவாமி, "தியோடரு, இன்னும் கிழிசல்தான். இன்னொரு தாயத்து வேணும்" என்றார்.

"உங்க கவசம் எப்படி, சுவாமி?" என்றாள் மௌரீன்.

"நமக்கு வஜ்ரம்மா. நூல் வராது."

"அப்போ துப்புங்க. நாங்களும் தரிசனம் பண்றோம்."

வரிசையில் நின்ற நாகேஷ், "ஆமா குரு, துப்புங்க. பார்த்தா எங்களுக்கும் ஒரு தைரியம்" என்றான். அவன் பக்தியோடுதான் சொன்னான்.

தப்ப வழியில்லை. துப்பிய சுவாமி, தமக்கென்று வெறுந்தண்ணீர்ச் செம்பை எடுத்தார். அதற்குள் மௌரீன் தன் பையிலிருந்த புட்டியைக் குவளையில் கவிழ்த்துவிட்டாள். வெண்ணூல் திரண்டது.

"என்னா குரு, வஜ்ரம் நூல் நூலா வருது" என்றான் நாகேஷ்.

"இது வினிகர். மளிகைக்கடையில வாங்கினேன்" என்றாள் மௌரீன். "அவர் தீர்த்தத்தையும் மோந்து பாருங்க. எச்சில்லயும் அந்த மியூசின் ஜாதி இருக்காம், புளிப்புப் பட்டா பால் மாதிரி திரியுமாம். டாக்டரைக் கேட்டேன். நூல் வந்தா காப்பு இருக்குன்னுதான் அர்த்தம். கிழிஞ்சதுன்னு இல்ல."

நாகேஷ் மோந்து பார்த்தான், முகம் சுளித்தான். சுவாமிக்கு அந்நொடியே தியான வேளை வந்துவிட்டது, பின்கதவால் எழுந்தருளினார். தியோடர் தன் தாயத்தை அவிழ்த்து அந்தக் குவளைக்குள் போட்டான். பிறகு, "ஆட்டோ கூப்பிடு மௌரீன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்" என்றான்.

புறப்பட்டவளைச் சுனிதா என்பவள் மறித்தாள். "அக்கா, எங்க பாப்பாவுக்கும் உங்க புட்டியில பார்த்துச் சொல்லுங்களேன். அந்த ஆளைவிட நீங்க நல்லாப் பார்க்கிறீங்க."

அவளுக்குப் பின்னால் புதியதொரு வரிசை உருவாகிக்கொண்டிருந்தது.

"இது கறிக்கு ஊத்தறதும்மா" என்றாள் மௌரீன். "யோசிக்கறதுக்குக் கழுத்துக்கு மேல ஒண்ணு இருக்கு. அதுக்கு வரிசையில நிக்கவேணாம்."