இருமப் போன மாப்பிள்ளை

ஆய்வு என்ற பெயரில் எந்த அசட்டுத்தனத்தையும் செய்யலாம், சம்பளமும் கொடுப்பார்கள். எனக்குக் கொடுத்தார்கள்.

கல்கத்தாவில் ஓர் அரசு ஆஸ்பத்திரி. அங்கே காசநோய்ப் பிரிவும் எச்.ஐ.வி. பரிசோதனை மையமும் எப்படி ஒத்துழைக்கின்றன என்று மதிப்பிடுவது என் முதல் வேலை. ஒரு நோய் இருப்பவருக்கு இன்னொன்றும் வரக்கூடும் என்பதால் இரண்டு இடமும் பேசிக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒரே நடையில் எதிரெதிர் அறைகள். மாடியில் இருந்த அதிகாரி, "ஃபர்ஸ்ட் கிளாஸ் கோ-ஆர்டினேஷன்" என்று சொல்லி டீ கொடுத்தார். எனக்குத்தான் மூளை அதிகமாயிற்றே, நோயாளியாகவே உள்ளே போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். (அதற்கு அனுமதி வாங்க வேண்டுமாம். மேதைகள் அனுமதியா கேட்பார்கள்?)

அடுத்த ஞாயிறு எனக்கும் கார்டன் ரீச் ரேவதிக்கும் நிச்சயதார்த்தம். அவள் அப்பா ரயில்வேயில் பெரிய அதிகாரி. இந்த விவரம் இருமப் போகும்போது எனக்கு ஞாபகம் வரவில்லை.

வரிசையில் நின்று இருமினேன். முன்னால் நின்றவர் பயந்துபோய் எனக்கு வழிவிட்டார். நர்ஸ் தீதி (அங்கே நர்ஸெல்லாம் அக்காதான்) ஒரு சின்ன டப்பாவைக் கொடுத்து, சளியைத் துப்பிக்கொண்டு வா என்று முற்றத்துக்கு அனுப்பினாள். கழுத்து நரம்பு புடைக்க முக்கிக்கொண்டிருந்தேன்.

"டேய் சீனு, இங்கே என்னடா பண்றே?"

பாலிகஞ்ச் பத்மா மாமி. தன் வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குக் காசநோய் மாத்திரை வாங்கித் தர வந்திருந்தாள்.

"சும்மா, ஆபீஸ் வேலை மாமி."

மாமி டப்பாவைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "உடம்பைப் பாத்துக்கோப்பா" என்றாள், ரொம்பக் கனிவாக. அந்த நேரம் பார்த்துத்தான் தீதி வாசலுக்கு வந்து, எதிர் அறையில் எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனையும் செய்துகொள்ளும்படி என் பெயரைச் சொல்லிக் கூவினாள். வங்காளத்தில்தான். மாமிக்குத் தமிழைவிட வங்காளம் நன்றாக வரும்.

நான் ரத்தமும் கொடுத்துவிட்டு டாலிகஞ்ச் வீட்டுக்கு வந்து சேருவதற்குள், செய்தி பாலிகஞ்சிலிருந்து எங்கள் வீடு வந்து, கார்டன் ரீச்சுக்கும் போய்விட்டிருந்தது. அந்த ஒத்துழைப்பை மதிப்பிடச் சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு முழு மார்க் போட்டிருப்பேன்.

"எந்த ஆபீஸ்லடா சளி துப்பச் சொல்லிச் சம்பளம் தரா?" என்றாள் அம்மா. நியாயமான கேள்வி.

சாயங்காலம் ரேவதியின் அப்பா போன் செய்தார். "ஞாயித்துக்கிழமை விசேஷத்தைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாம்" என்றார், ரயில் தாமதத்தை அறிவிக்கிற குரலில். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்பதற்குள் வைத்துவிட்டார். ரேவதியை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் அழுகைதான் வந்தது.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். "உங்களுக்கு என்ன உடம்பு?"

"ஒண்ணும் இல்லை. நடிச்சேன்."

"நோய்னா மருந்து இருக்கு, அதுக்கு நான் பயப்படலை. பொய் சொல்றவரைக் கட்டிக்க மாட்டேன். ரிசல்ட்டைக் காட்டுங்கோ. நானும் வரேன்."

போனோம். காசநோய் அறையில், "ஓய் கொரே ஜான்" என்றார்கள். எதிர் அறைக்குப் போ என்று அர்த்தம். போனேன். அங்கே நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்ல இருந்த கவுன்சிலரம்மா, எல்லாவற்றையும் அந்தப் பக்கம் அனுப்பியாயிற்று, "ஓய் கொரே ஜான்" என்றாள். மறுபடி போனேன், மறுபடி வந்தேன். மதிப்பீட்டாளனுக்கு அருமையான ஆதாரம் கிடைத்துக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த ரேவதி எழுந்தாள். இந்த அறைத் தீதியைக் கையோடு அழைத்து வந்தாள். எதிர் அறைக் கவுன்சிலரையும் கூப்பிட்டாள். இருவரையும் நடையில் எதிரெதிரே நிறுத்தி, இப்போது பேசுங்கள் என்று வங்காளத்தில் சொன்னாள். பேசினார்கள். நீங்கள் எப்போது இங்கே மாற்றலாகி வந்தீர்கள் என்று ஒருத்தி இன்னொருத்தியை விசாரித்தாள்.

கவுன்சிலர் என்னை மட்டும் உள்ளே அழைத்து, ரத்தத்தில் ஒன்றுமில்லை என்று தாளைக் கொடுத்தாள். தீதி கொடுத்த தாளில் லேப்காரர் எழுதியிருந்தார்: 'இது சளி அல்ல, வெறும் எச்சில். மறுபடி அனுப்பவும்.'

ரேவதி இரண்டையும் வாங்கிப் படித்தாள். இரண்டாவதைத் திரும்பவும் படித்தாள். பிறகு அந்த நடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தாள். "நிஜமாவே நடிச்சிருக்கேள்" என்றாள்.

நிச்சயதார்த்தம் அதே ஞாயிறு நடந்தது. அனுமதியில்லாமல் செய்த ஆய்வு என்று என் அறிக்கையை மேலதிகாரி பிரிக்காமலே திருப்பி அனுப்பினார். பரவாயில்லை, அதைப் படித்திருந்தால் வேலையே போயிருக்கும்.

இதெல்லாம் நடந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. போன வாரம் எனக்கு நல்ல காய்ச்சல். ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு முனகிக்கொண்டு படுத்திருந்தேன். காலேஜுக்குக் கிளம்பிய மகள் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, ரேவதியிடம் கேட்டாள்: "சளியா, எச்சிலா?"

சமையலறையிலிருந்து பதில் வந்தது. "எச்சில்தான். நீ கிளம்பு."